சிரிக்காத ரொட்டி

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் வசிக்கிறோம். என் ஆறு வயது மகன் ‘பெர்ண்ட் தாஸ் ப்ரோட்’ என்ற ரொட்டிப் பொம்மையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எதற்கெடுத்தாலும் “மிஸ்ட்!” என்கிறான். ஜெர்மனில் அது ‘சே, சாணி!’ என்பதுபோல ஒரு வசவு. விருந்தாளிகள் வந்தால், “நான் போய்ச் சுவரைப் பார்க்கிறேன்” என்கிறான். எப்போதும் சிரித்த முகமாக இருந்த பிள்ளை. அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிடலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

“மிஸ்ட்” கிடக்கட்டும். பள்ளிக்கூட வாசலில் அதைவிடக் காரமானதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும்.

கொலோனில் தூக்கம் வராத ஓர் இரவில் விடுதி அறைத் தொலைக்காட்சியில் நானும் பெர்ண்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவனைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தேன், அகப்பட்டீர்கள். கிகா என்ற ஜெர்மன் சிறுவர் சேனலின் நிகழ்ச்சிகள் இரவு 9 மணிக்கு முடிந்துவிடும். பிறகு இவனை வெள்ளை வெளேரென்ற அறையில் அடைத்துவைப்பார்கள். எங்கிருந்தோ ஒரு குரல் அவனைச் சீண்டிக்கொண்டே இருக்கும். நீள்சதுர ரொட்டி உடம்பு, விலாவில் ஒட்டவைத்தாற்போல் இரண்டு உள்ளங்கைகள். கோபம் வந்தால் கைகட்டி நிற்கக்கூட முடியாது.

2000-இல் டாமி க்ராப்வைஸும் நார்மன் க்யோஸ்டரும் உருவாக்கிய இந்தப் பிறவிக்கு என்ன வேண்டும்? வீட்டுச் சுவரின் சொரசொரப்பான காகிதத்தை நிம்மதியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விடுவார்களா? சில்லி என்ற ஆடும் ப்ரீகல் என்ற புதரும் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள். மாட்டேன் என்பான், யாரும் கேட்கமாட்டார்கள். முனகிக்கொண்டே போவான், அடிபடுவான். 2009 ஜனவரியில் எர்ஃபுர்ட் நகரில் நின்ற அவன் சிலையையும் தூக்கிப்போய்விட்டார்கள். நோரா என்ற ஊரில் ஒரு பாழடைந்த படைமுகாமில் பிப்ரவரியில்தான் கிடைத்தது. சிலையாக நின்றாலும் விடமாட்டார்கள் போலிருக்கிறது!

இதில் உங்கள் மகனுக்கு என்ன தெரிகிறது என்று யோசித்தீர்களா? எழுப்புவது நீங்கள், சட்டை மாட்டிவிடுவது நீங்கள், விருந்தாளி முன் நிறுத்திப் பாடச் சொல்வதும் நீங்கள். அவன் ‘மாட்டேன்’ எங்கே செல்லுபடியாகிறது? கடைசியில் எல்லாவற்றையும் செய்துவிடுகிறான். முனகல் ஒன்றுதான் அவனுடைய சொந்தச் சொத்து. அதையும் பிடுங்கப் பார்க்கிறீர்கள். எப்போதும் சிரித்த முகமாம்! விளம்பரப் பலகையில் இருப்பவர்களுக்குத்தான் அம்மா அப்படி முகம். குழந்தைகள் நிகழ்ச்சி என்றாலே தொகுப்பாளர்கள் பல்லெல்லாம் தெரியக் கத்த வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? அந்தக் கூச்சலைக் கேட்டால் எனக்கே அழுகை வருகிறது. சிடுசிடுப்புக்கு ஓர் இடம் கொடுத்த பெர்ண்டுக்கு 2004-இல் கிரிம்மே என்ற ஜெர்மன் தொலைக்காட்சி விருது கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உங்கள் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அந்நிய ஊரில் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை வளர்க்கிறவருக்கு அதன் முகம் கொஞ்சம் வாடினாலும் வயிற்றைப் பிசையும். ஆனால் இந்தப் பையனுக்கு ஒன்றுமில்லை. விருந்தாளி வரும்போது சுவரைப் பார்க்கப் போகிறேன் என்கிறவன் விவரமான பிள்ளை. நிறுத்த வேண்டாம். அடுத்த முறை நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். விருந்தாளிக்குக் காப்பியை உங்கள் வீட்டுக்காரர் போடட்டும்.