வெளிநாட்டில் வேலை செய்பவரின் வாழ்க்கைத் தரம் சம்பளத்தை மட்டும் பொறுத்ததா?

இல்லை. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரின் வாழ்க்கை அடியோடு வேறாக இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, வேலைக்கு வர எவ்வளவு கடன் வாங்கினார் என்பதை. ஏஜென்ட் கமிஷனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர், சூப்பர்வைசர் எவ்வளவு திட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. நடைமுறை வேறு கதை.

அப்புறம் தங்குமிடம். அடுக்குக் கட்டில்கள் நிறைந்த அறையில் இரவு ஷிப்ட் முடித்தவர் கண்ணயரும்போது, பகல் ஷிப்ட்காரர் விளக்கைப் போடுவார். அதனால்தான் பலர் பழைய பெட்ஷீட்டைக் கட்டிலைச் சுற்றித் திரையாகக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆறடிக்குள் போன் சார்ஜர், குடும்பப் படம், சோப்பு டப்பா எல்லாம் இருக்கும்.

சமூகம் என்பது பெரும்பாலும் அறையிலிருந்தே தொடங்குகிறது. புதிதாக வந்தவருக்கு சிம் கார்டு வாங்கித் தருவது, படிவம் நிரப்பித் தருவது, யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டுவது எல்லாம் கூட இருப்பவர்கள்தான். சரி, அதே வட்டத்தில் கந்துவட்டிக்குக் கொடுப்பவரும் இருப்பார், அதையும் மறைக்க வேண்டாம்.

முதலாளி வீட்டிலேயே தங்கி வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்த வட்டமே கிடைப்பதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்கு வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு கேட்கிறது. அந்த ஒரு நாள் கையில் போனோடு வெளியே போக முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.