ரைடுக்கு முன், பெத்தாங் குண்டு வீசும் முன்: விளையாட்டில் மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கபடியில் ரைடு போகும் முன் நெஞ்சு படபடக்கிறது. மூச்சை இழுத்துவிட்டும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?
(பிளஸ் 1 மாணவர், நெல்லிக்குப்பம்)

தம்பி, அது நிற்க வேண்டியதே இல்லை. பாய்ந்து தொட்டுத் திரும்பப் போகிற உடம்பு தயாராகும்போது இதயம் வேகமாகத்தான் அடிக்கும். அதை அடக்கப் போனால் கவனம் முழுக்க நெஞ்சிலேயே நின்றுவிடும். எதிரணியில் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் வீரர் எங்கே நிற்கிறார் என்பது கண்ணில் படாது. ரைடுக்கு 30 விநாடிதான், அதில் இந்த இழப்பு பெரிது.

கோட்டருகே நிற்கும்போது மூக்கால் இயல்பாக இழுங்கள். இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். இரண்டு முறை போதும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைச் சற்றே தணிக்கும். அப்புறம் உள்ளங்கால் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். ‘படபடப்பு இருக்கிறது, இருக்கட்டும்’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பார்வையை எதிராளியின் காலுக்குக் கொண்டுபோங்கள். இதை மேட்ச் அன்று முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். பயிற்சியில் ஒவ்வொரு ரைடுக்கு முன்பும் செய்து பழகினால்தான் நெருக்கடியில் தானாக வரும்.

புதுச்சேரியில் நண்பர்களோடு பெத்தாங் (இரும்புக் குண்டை இலக்குக்கு அருகே வீசும் ஆட்டம்) ஆடுகிறேன். கடைசிக் குண்டு என் கையில் இருந்தால் விரல்கள் இறுகிவிடுகின்றன.
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, உங்கள் ஆட்ட விதியே குண்டு வீச ஒரு நிமிடம் தருகிறது. பல ஆட்டங்களில் கிடைக்காத வசதி இது. அந்த நிமிடத்தை ஸ்கோரைப் பற்றிய கவலை தின்னவிடாதீர்கள். இலக்குக்கு அருகே உருட்டுவதா, எதிராளி குண்டை அடிப்பதா என்பதை, நின்று வீசும் வட்டத்துக்குள் கால் வைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உள்ளே வந்தபின் மாற்றாதீர்கள். குண்டு முக்கால் கிலோவை ஒட்டிய எடை இருக்கும். அந்தக் கனத்தையும் இரும்பின் வழவழப்பையும் உள்ளங்கையில் உணருங்கள். விரல்களை ஒருமுறை நன்றாக இறுக்கித் தளர்த்துங்கள். குண்டு எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள், வீசுங்கள்.

மனக்கவனப் பயிற்சிக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்குப் பதற்றம் கூடுகிறது.
(பேட்மின்டன் வீராங்கனை, கடலூர்)

அப்படியானால் மூட வேண்டாம். சிலருக்கு இப்படித்தான். மாலையில் நடந்தபடியே காலடிச் சத்தத்தைக் கவனித்தாலும் அதே பயிற்சிதான். பதற்றம் அன்றாட வேலையையே கெடுத்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். மனக்கவனப் பயிற்சியால் ஓட்ட நேரம் குறையுமா?
(ஒரு தந்தை, பண்ருட்டி)

அப்படி வாக்குறுதி தர மாட்டேன். மனக்கவனப் பயிற்சியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1980களிலேயே அமெரிக்கத் துடுப்புப் படகு வீரர்களுக்கு இதைக் கற்றுத்தந்தார். அன்றிலிருந்து நடந்த ஆய்வுகளில், பதற்றம் குறைவதற்கும் கவனம் கூடுவதற்கும் கிடைக்கும் சான்று, ஓட்ட நேரம் குறைவதற்குக் கிடைப்பதைவிட வலுவானது. தினம் ஐந்து நிமிடம் செய்யட்டும், அவளுக்கு விருப்பம் இருந்தால். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காகத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் தண்ணீருக்குள் அதிக நேரம் இருக்க முடிகிறது. இதுவும் மூச்சுப் பயிற்சிதானே?
(கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்)

இல்லை. இன்றே நிறுத்துங்கள். வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு வேண்டும் என்று உடம்பைத் தவிக்க வைப்பது அந்த வாயுதான். அந்தத் தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே மயங்கிவிடுவீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைக் கரையில் உட்கார்ந்து செய்யுங்கள். உங்களோடு முங்கும் நண்பர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.