ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திணறினால் கேமிங் லேப்டாப் வாங்க வேண்டுமா?

‘8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ (மொபைல் ஆப் உருவாக்கும் மென்பொருள்) திணறுகிறது, குரோமிலும் நிறைய டேப் திறந்திருக்கும், பஸ்ஸில்தான் காலேஜ் போகிறேன், கேமிங் லேப்டாப் வாங்கட்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆப்பைச் சோதிக்க லேப்டாப்பிலேயே ஓடும் போலி போனான எமுலேட்டரைத் திறந்ததும் உங்கள் லேப்டாப் தவழ்வதற்கு கிராபிக்ஸ் கார்டு இல்லாதது காரணமாக இருக்காது. 8 ஜிபி ரேம்தான் திணறுகிறது. கூடவே குரோமில் அத்தனை டேப் வேறு!

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எமுலேட்டர் ஓடும்போது பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) சும்மா கிடந்தால் ரேம்தான் சிக்கல். காலி ஸ்லாட் இருந்தால் 16 ஜிபி ஆக்கிவிடுங்கள். போர்டிலேயே சால்டர் செய்த, மாற்ற முடியாத ரேம் என்றால், 16 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண லேப்டாப் போதும். காலேஜுக்கு பஸ் என்கிறீர்கள். கேமிங் லேப்டாப்பையும் அதன் செங்கல் சார்ஜரையும் தினமும் சுமப்பது உங்கள் தோள்தான்.

அன்ரியல் எஞ்சினில் கேம் உருவாக்குவது, மெஷின் லேர்னிங் என்று போவதானால் கணக்கு வேறு, அங்கே கிராபிக்ஸ் கார்டு உதவும். மெஷின் லேர்னிங் கணக்குகளை கிராபிக்ஸ் கார்டில் ஓட்ட உதவும் குடா (CUDA) என்விடியா கார்டில்தான் ஓடும்.