புதிதாக வாங்கிய ஹெட்ஃபோன் ஆம்பில் உஸ் என்ற சத்தம், ரீங்காரம், வால்யூமைத் தொட்டாலே காது கிழிகிறது. ஆம்ப் பழுதா?

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் இவை: இயர்போன் போட்டால் பாட்டு ஓடாதபோதும் உஸ் என்கிறது, கணினியில் மவுஸை அசைத்தால் சன்னமாக ஒரு சிணுங்கல், பின்னணியில் ஒரு ரீங்காரம், வால்யூம் குமிழை மயிரிழை திருப்பினால் முதலில் இடது பக்கம் மட்டும் கேட்டு அடுத்த இழையில் காதைப் பிளக்கிறது. ஆம்ப் (இயர்போனுக்காக ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இது ஒரு கோளாறு அல்ல, மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒரே நாளில் சேர்ந்து வந்திருக்கின்றன. அதனால்தான் எதை மாற்றினாலும் பாதி சரியாகி பாதி அப்படியே இருக்கிறது. திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு குமிழை மெதுவாகப் பூஜ்யத்திலிருந்து மேலே கொண்டு போங்கள். இரைச்சல் குமிழோடு சேர்ந்து கூடுகிறதா, அல்லது குமிழ் எங்கே இருந்தாலும் ஒரே அளவில் இருக்கிறதா? கூடினால் அது பெரும்பாலும் ஆம்புக்கு முன்னாலிருந்து வருகிறது: கணினி, டாக் (டிஜிட்டலை அனலாகாக மாற்றும் பெட்டியைச் சொல்கிறேன்), கேபிள், எர்த். மாறாமல் இருந்தால் அது ஆம்பின் கடைசிக் கட்டத்தில் பிறக்கிற இரைச்சல், அதை உங்கள் இயர்போன் கூர்மையாகப் பிடித்துக் காட்டுகிறது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் கேபிள் மாற்றுவது, கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டுவது, அடாப்டர் வாங்குவது எல்லாம் காசுக்குக் கேடு. சோதிக்கும்போது ஆம்பின் பின்னால் ஒன்றும் செருகாமல் வெறுமையாக விட்டுவிடாதீர்கள், திறந்த ஜாக்கே ஆன்டெனா மாதிரி 50 ஹெர்ட்ஸை இழுத்துக்கொள்ளும், நல்ல ஆம்ப் கூட உறுமும். சார்ஜரிலிருந்து கழற்றிய ஒரு போனை டாங்கிள் (போனில் செருகும் சின்ன ஹெட்ஃபோன் அடாப்டர்) வழியாக ஆம்பில் செருகிக் கேளுங்கள். அதில் சுத்தமாக இருந்தால் ஆம்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, முதலில் உஸ். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஒத்துக்கொள்ளும். காதுக்குள் செருகும் இயர்போன்கள் பலவும் 16 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் என்ற அளவில் இருக்கும். 16 ஓமில் 1 மில்லிவாட் என்றால் வெறும் 0.126 வோல்ட். நீங்கள் சாதாரணமாக 75 டெசிபெலில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் அதற்குத் தேவை 2 மில்லிவோல்ட் சொச்சம்தான். டாக் பெட்டியிலிருந்து வருவதோ முழுச் சத்தத்தில் 2 வோல்ட், சிடி பிளேயர் காலத்திலிருந்து அதுதான் வழக்கமான அளவு. ஆக உங்கள் ஆம்ப் பெருக்கவே வேண்டாம், வருவதை ஏறக்குறைய 900ல் ஒரு பங்காகக் குறைத்தால் போதும். ஆம்பின் கடைசிக் கட்டம் தானாகப் போடும் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்றால், இந்த இயர்போனில் அது சுமார் 28 டெசிபெலாகக் கேட்கும். ராத்திரி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, காதை ரப்பர் மொட்டு அடைத்திருக்கும்போது 28 டெசிபெல் நன்றாகவே கேட்கும். அதே ஆம்பில், அதே 10 மைக்ரோவோல்ட்டில், 300 ஓம், 97 டெசிபெல் உள்ள பெரிய ஹெட்ஃபோனைச் செருகினால் அது 2 டெசிபெல். யாருக்கும் கேட்காது. ஒருவர் இதே மாடலை "கருப்பாக அமைதி" என்று புகழ்ந்து எழுதியிருப்பார், நீங்கள் உஸ் உஸ் என்கிறீர்கள், இரண்டுமே உண்மைதான்.

இந்த உஸ்ஸுக்கு இரண்டே வழி. ஒன்று, கெயின் சுவிட்சை (ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது) லோவில் வையுங்கள், பல ஆம்புகளில் அதிலேயே இரைச்சல் கணிசமாகக் குறையும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆம்புக்கும் இயர்போனுக்கும் நடுவில் ஒரு குறைப்பான் போடலாம். கடையில் தயாராகக் கிடைக்கிறது, சால்டரிங் தெரிந்தால் நீங்களே செய்யலாம்: ஒவ்வொரு பக்கத்துக்கும் வரிசையில் 33 ஓம், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 3.3 ஓம், அரை வாட் ரெசிஸ்டர்கள். 22 டெசிபெல் அளவுக்கு இறங்கும், பாட்டும் இறங்கும் இரைச்சலும் இறங்கும், பாட்டை மட்டும் குமிழால் மீட்டுக்கொள்ளலாம். இயர்போன் பார்க்கிற அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதற்கு முன்னால் இருக்கிற மின்தடை, 3 ஓம்தான், பெரும்பாலான இயர்போன்களில் ஒலியின் தன்மை மாறாது. ஒரே எச்சரிக்கை: இது சாதாரண மூன்று முனை ஜாக்குக்கு மட்டும். பேலன்ஸ்டு அவுட்புட்டில் (இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நெகடிவ் போகும் வகை) இரண்டு பக்கத்து நெகடிவ்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஆம்ப் போய்விடலாம்.

இடது பக்கம் முதலில் கேட்பதும், குமிழ் நகர இடமே இல்லாததும் மேலே சொன்ன அதே கணக்கின் மறுபக்கம். குமிழுக்குள் இருப்பது ஒரே அச்சில் இரண்டு கார்பன் தடங்கள், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. அடிமட்டத்தில் இந்த இரண்டும் ஒரே மாதிரி நடக்காது, விலை உயர்ந்த குமிழிலும் கடைசிக் கொஞ்ச தூரத்தில் வித்தியாசம் இருக்கும். கெயின் ஹையில் வைத்துவிட்டு சென்சிடிவான இயர்போனைச் செருகினால் நீங்கள் வாழ்வதே அந்த மோசமான அடிமட்டத்தில்தான். குமிழ் கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் இருக்கிற மாதிரி மற்றதை அமைத்துக்கொள்ளுங்கள். லோ கெயின் போட்டும் குமிழ் கீழேயே கிடந்தால் விண்டோஸ் வால்யூமை இறக்குங்கள். "விண்டோஸ் 100லேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிட் போய்விடும்", அதாவது ஒலியின் நுணுக்கம் குறையும் என்று பயமுறுத்துவார்கள். சவுண்ட் செட்டிங்கில் 24 பிட் என்று வைத்திருந்தால் 20, 30 டெசிபெல் இறக்குவதால் காதுக்குத் தெரிகிற எந்த நஷ்டமும் இல்லை. நான் பல வருடமாக அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் ஒரு நாள் எதேச்சையாக மவுஸ் பட்டு முழுச் சத்தத்தில் பாட்டு பாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். காது ஒருமுறை போனால் திரும்ப வராது, இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

கெயின் விஷயத்தில் நான் நேரடியாகப் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011ல் தன் சொந்தப் பெயரை வெளியிடாத ஒருவர் ஆப்ஜெக்டிவ் 2 என்ற ஹெட்ஃபோன் ஆம்பின் வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் வைத்தார், ஓ2 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதைச் சென்னை ரிச்சி தெருவில் உதிரி வாங்கி நானே கட்டினேன். அதில் கெயின் சுவிட்சுக்கு வழக்கமான இரண்டு நிலை 2.5 மடங்கு, 6.5 மடங்கு. கட்டி முடித்த உற்சாகத்தில் 6.5ல் வைத்து டாக் பெட்டியோடு சேர்த்துக் கேட்டால் உரத்த இடங்களில் எல்லாம் கரகரப்பு. குமிழைக் குறைத்தேன், சத்தம் குறைந்தது, கரகரப்பு அப்படியே இருந்தது. இரண்டு நாள் சால்டர் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். காரணம் வரைபடத்திலேயே இருந்தது: அந்த ஆம்பில் பெருக்கும் கட்டம் குமிழுக்கு முன்னால் வருகிறது. 2 வோல்ட் உள்ளே போய் 6.5 மடங்கு ஆனால் 13 வோல்ட், ஆனால் உள்ளே இருக்கும் பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளையில் சுமார் 7 வோல்ட் ஆர்.எம்.எஸ். (அலையின் உச்சத்தை அல்ல, பயனுறு அளவைச் சொல்வது) தான் தர முடியும். குமிழுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அலையின் தலை வெட்டப்பட்டுவிடுகிறது. வெட்டுப்பட்டதைக் குமிழால் குறைக்கலாம், ஒட்ட முடியாது. சுவிட்சை 2.5 நிலைக்கு மாற்றி, அந்த நிலையின் கெயினைத் தீர்மானிக்கிற 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டேன், கெயின் 1 ஆனது, கரகரப்பு அந்த நிமிடமே போனது. உங்கள் ஆம்பில் கெயின் சுவிட்ச் வெளியில் இருக்கும், திறக்க வேண்டியதில்லை. ஆனால் குமிழைக் குறைத்தாலும் போகாத கரகரப்பு வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"கனமான ஹெட்ஃபோனுக்கு ஹை கெயின் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அந்த 300 ஓம், 97 டெசிபெல் ஹெட்ஃபோனில் 110 டெசிபெல் உச்சம் கிடைக்க 2.5 வோல்ட் போதும். டாக் கொடுப்பதே 2 வோல்ட். ஆக ஒன்றே கால் மடங்கு பெருக்கினால் முடிந்தது. லோ கெயினில் குமிழை முழுதாகத் திருப்பியும் சத்தம் போதவில்லை என்றால் மட்டும் ஹைக்குப் போங்கள்.

அப்புறம் அந்த மவுஸ் சிணுங்கலும் ரீங்காரமும். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது இதுதான். இரண்டும் பெரும்பாலும் எர்த் சம்பந்தப்பட்டவை. யூ.எஸ்.பி. கேபிளில் தகவல் வினாடிக்கு 1000 முறை, வேகமான வகையில் 8000 முறை என்ற தாளத்தில் போகிறது, அந்தத் தாளம் கிரவுண்ட் வழியாகக் கசிந்தால் அதே சுருதியில் ஒரு ஊசிச் சத்தம் கேட்கும். மவுஸ் அசைத்தால், விளையாட்டு திறந்தால் மாறுகிற சத்தம் கணினியின் உள் மின்னோட்டம் ஏறி இறங்குவது. உறுமல் 50 ஹெர்ட்ஸ் என்றால் வெளி மின்சாரம், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரடாக இருந்தால் பவர் சப்ளை.

திருச்சியில் நான் முன்பு இருந்த வாடகை வீட்டில் எல்லாப் போர்டிலும் அழகாக மூன்று துளை பிளக் பாயின்ட். லேப்டாப்பின் உலோக உடம்பில் விரலைத் தடவினால் ஜிவ்வென்று ஒரு உணர்வு, ஆம்பின் குமிழைத் தொட்டால் ரீங்காரம் குறையும், கையை எடுத்தால் திரும்ப வரும். தொட்டால் சத்தம் குறைகிறது என்றால் உங்கள் உடம்பு எர்த் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போர்டைக் கழற்றினால் பச்சை வயர் எதிலும் மாட்டப்படாமல் சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. அதை முறையாக எர்த்தோடு சேர்த்த அன்று ரீங்காரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. சத்தத்தை விடுங்கள், அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள், ஃபிரிட்ஜும் கிரைண்டரும் அதே நிலையில்தான் இருந்தன. உங்கள் வீட்டில் பார்க்க எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230க்குப் பக்கத்தில் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சிலர் இதற்கு நேர் எதிராக, ரீங்காரம் போக வேண்டுமென்று ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார்கள். சத்தம் போகும், உயிருக்கு இருக்கிற பாதுகாப்பும் சேர்ந்து போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எர்த் நன்றாக இருந்தும் ரீங்காரம் போகாமல் இருந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது கணினி ஒரு வழியாகவும் ஸ்பீக்கர் இன்னொரு வழியாகவும் எர்த்துக்குப் போய், இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஆர்.சி.ஏ. கேபிளின் (சிவப்பு, வெள்ளை முனை உள்ள ஆடியோ கேபிள்) வெளி உறை வழியாக ஒரு சிறு மின்னோட்டம் சுற்றுகிறது. ஆம்பின் பின்னாலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். கணினியின் முன்பக்க யூ.எஸ்.பி.யை விட்டுவிட்டு பின்னால் மதர்போர்டில் இருக்கும் துளையைப் பயன்படுத்துங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர். இதற்கும் மசியவில்லை என்றால், டாக்கிலும் கணினியிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அதுதான் சிறந்த மருந்து, கண்ணாடி இழையோ பிளாஸ்டிக் இழையோ, மின்சாரம் கடக்க வழியே கிடையாது. மின் தொடர்பை அறுத்துத் தகவலை மட்டும் கடத்தும் யூ.எஸ்.பி. ஐசோலேட்டரும் உண்டு, ஆனால் விலை குறைந்தவற்றில் இருக்கும் சிப் 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது, அதில் சில டாக் பெட்டிகள் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், சில எழுந்திருக்கவே மாட்டா. வாங்கும் முன் திருப்பித் தர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கூடுதலாக இரண்டு விருந்தாளிகள். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், சுற்றும் வகையில் வேகத்தை இழைந்து இழைந்து மாற்றுவது, அலையை நடுவில் வெட்டி வெட்டி விடும், அதனால் கரகர ரீங்காரம் வரும். படி படியாக மாறும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டரில் இது அவ்வளவாக இல்லை. இரண்டாவது, கரண்ட் போனதும் எழுகிற இன்வெர்ட்டர். சதுர அலை வகையாக இருந்தால் அந்த நேரத்தில் எந்த ஆம்பும் உறுமும், சைன் வேவ் வகை என்றால் பிரச்சினை குறைவு. உங்கள் ரீங்காரம் மின்விசிறி வேகத்தோடு மாறுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

புதிய ஆம்பில் இயர்போனைச் செருகும் முன் இன்னொன்று. மல்ட்டிமீட்டர் இருந்தால் டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஜாக்கின் நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பாருங்கள், பிறகு நடு வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பாருங்கள். 10, 20 மில்லிவோல்ட் வரை பயமில்லை. நூற்றுக்கணக்கில் வந்தால் செருகாதீர்கள், அப்போதுதான் ஆம்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆம்பை ஆன் செய்து, டப் என்ற அந்த முதல் அதிர்ச்சி போன பிறகு, குமிழைப் பூஜ்யத்தில் வைத்து இயர்போனைச் செருகுவது என்று பழகிக்கொள்ளுங்கள்.

இடது வலது பிரச்சினையில் ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு மிச்சம். டாக்கிலிருந்து வரும் இரண்டு ஆர்.சி.ஏ. கேபிள்களையும் ஆம்பின் பக்கத்தில் மாற்றிச் செருகுங்கள். அப்போதும் இடதுதான் முதலில் வந்தால் குமிழ், வலதுக்கு மாறினால் டாக் அல்லது கேபிள். அதோடு இயர்போனின் இடது வலதையும் மாற்றிக் காதில் போட்டுப் பாருங்கள், வலையில் காதழுக்கு அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். என்ன வந்தது என்று எழுதுங்கள், டாக்கின் அவுட்புட் வோல்ட்டேஜையும் இயர்போனின் ஓமையும் சேர்த்துப் போட்டால் உங்களுக்கு எந்தக் கெயின் சரி என்று கணக்குப் போட்டே சொல்கிறேன்.