காய்ச்சலுக்கு 'ஹேவ்', பிரியாணிக்கு 'ஹேவிங்'

குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்களோடு அவருக்கு நாள் முழுக்க ஆங்கிலம்தான். "'வீ ஆர் ஹேவிங் டபுள் ரூம்' என்று மெயில் அனுப்பினேன். 'ஹேவிங்' தப்பு என்றார் மேனேஜர். அவரே போனில் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்கிறார். அது மட்டும் எப்படிச் சரி? அப்புறம், 'ஹேட் ஹேட்' (had had) என்று இரண்டு தடவை வருகிறதே, அச்சுப்பிழையா?"

மேனேஜர் சொன்னதும் சரி, பேசியதும் சரி.

தமிழில் 'ஹேவ்' என்பதற்கு நேரான வினைச்சொல் கிடையாது. "என்னிடம் சாவி இருக்கிறது", "எனக்குக் காய்ச்சல் இருக்கிறது" என்கிறோம். சாவியும் காய்ச்சலும்தான் எழுவாய். நாம் ஒரு வேற்றுமை உருபோடு ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ' முன்னால் வந்து நிற்க, 'இருக்கிறது' என்பதில் உள்ள '-கிறது' காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், கை தானாக 'இங்' போட்டுவிடுகிறது. ஆனால் அறை இருப்பதும் காய்ச்சல் இருப்பதும் நிலை, செயல் அல்ல. நிலையைச் சொல்லும் 'ஹேவ்' பொதுவாக 'இங்' ஏற்காது. 'வீ ஹேவ் எ டபுள் ரூம்', 'ஐ ஹேவ் எ ஃபீவர்', அவ்வளவுதான்.

லஞ்சுக்கு வரும் 'ஹேவ்' வேறு ஆள். அங்கே அதன் பொருள் 'சாப்பிடு'. சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போக முடியுமா? ஆம்பூர் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு போனை எடுக்கலாம் (மனசு வராது, அது வேறு விஷயம்). காய்ச்சலை அப்படி நிறுத்திவைக்க முடியாது. 'ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள்' என்று ஆங்கிலேயர்களே சொல்வார்கள். அது இந்தச் சோதனைக்குள் அடங்காது, அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்கும்போது 'டூ யூ ஹேவ்'. 'ஹேவ் யூ எனி ரூம்?' என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கு, தப்பில்லை. 'டஸ் ஹி ஹேஸ்' மட்டும் வேண்டாம். அந்த 'ஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸுக்குப் போய்விட்டது.

'ஹேட் ஹேட்' அச்சுப்பிழை இல்லை. இங்கே தமிழே கைகொடுக்கிறது. "வந்திருக்கிறார்" என்பதில் 'இரு' துணைவினையாக ஒட்டிக்கொள்கிறது அல்லவா? ஆங்கிலத்தில் அந்த வேலையையும் 'ஹேவ்' பார்க்கிறது: 'ஹி ஹேஸ் கம்'. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றார் என்று வையுங்கள். "ரத்தம் எடுப்பதற்கு முன்பே அவர் டிபன் சாப்பிட்டிருந்தார்." இதுதான் 'ஹி ஹேட் ஹேட் டிபன் பிஃபோர் த ப்ளட் டெஸ்ட்'. முதல் 'ஹேட்' நம் 'இருந்தார்', இரண்டாவது 'சாப்பிட்டு'. வரிசைதான் தலைகீழ். பேச்சில் முதலாவது சுருங்கி 'ஹீட் ஹேட்' (he'd had) ஆகிவிடும். அதனால்தான் காதில் ஒன்றுதான் விழுகிறது.

இந்த 'ஹேவிங்' பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல, இந்தியா முழுக்கக் கேட்கலாம். 'ஆர் யூ ஹேவிங் ரூம்?' என்று கொல்கத்தாவிலிருந்தே மெயில் வரும். திருத்தப் போகாதீர்கள். 'யெஸ், வீ ஹேவ் எ ரூம்' என்று பதில் போட்டு, வாடகையை எழுதிவிடுங்கள்.