பல்லாண்டு லூபின் மீண்டும் கசப்பது ஏன்?

கசப்பற்ற பல்லாண்டு லூபின் (பல ஆண்டுகள் வாழும் பயறு வகைச் செடி) விதைத்தும் அடுத்த தலைமுறையில் பாதிச் செடிகள் கசக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம், உங்கள் விதை கெட்டுப்போகவில்லை. லூபினில் கசப்பின்மை ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டிலிருந்தும் அதற்கான மரபணு வந்தால்தான் வெளிப்படும். சாலையோரக் காட்டுச் செடியின் மகரந்தத்தைப் பம்பிள் தேனீ சுமந்துவந்தால் போதும், அந்த விதையில் முளைப்பது கசக்கும். வேறு வேறு இடங்களில் வாங்கிய இரண்டு கசப்பற்ற வகைகளைக் கலந்தீர்களா? அவற்றில் கசப்பை நீக்கும் மரபணுக்கள் வெவ்வேறாக இருந்தால் அந்தக் கலப்பும் கசக்கும். பலர் இதை யோசிப்பதே இல்லை.

பெரும்பாலான செடிகள் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். கசக்கும் செடிகளைப் பூக்கும் முன்பே களைய அந்த அவகாசம் பெரிய வரம். முதல் கோடையிலேயே இலைச்சாற்றை, கசப்பைத் தரும் ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருளைக் காட்டும் டிராகன்டார்ஃப் தாளில் ஒற்றுங்கள். ஆரஞ்சுச் சிவப்பு படிந்தால் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். விதையை மென்று சோதிக்காதீர்கள், அதன் ஆல்கலாய்டு நஞ்சு. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் பயிர் வளர்ப்பாய்வாளர் ரைன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் ஓராண்டு லூபின்களை ஆயிரக்கணக்கில் இப்படி வேதிச் சோதனை செய்துதான் கசப்பற்றவற்றைக் கண்டெடுத்தார்.

தேறியவற்றை வலைக்குள் வளர்த்து, கையால் மகரந்தம் சேருங்கள். காய் வெடித்துச் சிதறாத செடி கண்ணில் பட்டால் அதன் விதையைத் தனியே எடுத்துவையுங்கள்.