கொடூரம் ரத்தத்துல வந்ததா? குட்கெலெட் குலம் பத்தி

கேள்வி: தன் வீட்டுல இருந்த பொண்ணுங்களைக் கொன்னதா சொல்லப்படற, ஹங்கேரியோட ‘ரத்தக் கவுண்டஸ்’ எர்ஷெபெத் பாதோரி பத்தி ஒரு வீடியோ பாத்தேன். டிராகனைக் கொன்ன ஒரு ஜெர்மன் வீரனோட வம்சமாம், சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டுக் கட்டிக்கிட்டு கொடூரம் அவங்க ரத்தத்துலயே ஊறிடுச்சாம். நிஜமா? அந்த வம்சம் இன்னும் இருக்கா? – ஒரு வாசகர்

பதில்: கொடூரம் ரத்தத்துல ஊறாதுங்க. அதை முதல்ல தூக்கி ஓரமா வெச்சாதான் மிச்சத்தைப் பேச முடியும். அந்த மாதிரி வீடியோ போடறவங்க அறுநூறு வருஷ சரித்திரத்தை ஒரே ஒரு பொம்பளையோட கேஸுக்குள்ள திணிச்சு வித்துட்டுப் போயிடறாங்க, எனக்கு அதுல ரொம்பவே கோவம்.

பாதோரிங்கறது குலமே கிடையாது, ஒரு பெரிய குலத்துல இருந்து பிரிஞ்ச குடும்பம். குலத்தோட பேரு குட்கெலெட். குட், கெலெட்னு அண்ணன் தம்பி தென்மேற்கு ஜெர்மனியில இருக்கிற ஸ்வாபியாவுல இருந்து ஹங்கேரிக்கு வந்தாங்க, அவங்க பேர்தான் குலத்துக்கு வந்துச்சுங்கறது பழைய கதை. இதை எழுதி வெச்சவர் கேசாய் ஷிமோன், ராஜா நாலாம் லாஸ்லோவோட அரண்மனைப் பாதிரியார், எழுதுனது 1280கள்ல. வெளிநாட்டுல இருந்து வந்த குலங்களுக்குன்னே அவர் புத்தகத்துல தனிப் பகுதி இருக்கு. இவங்க பீட்டர் ராஜா காலத்துல வந்தாங்க, ஊரு ஸ்டோஃப் கோட்டைன்னு சொல்றார்.

இங்கதான் கொஞ்சம் நின்னு பாக்கணும். பீட்டர் ஆண்டது 1038ல இருந்து 1041 வரைக்கும், அப்புறம் 1044ல இருந்து 1046 வரைக்கும். ஸ்டோஃப்னா ஜெர்மன் சக்கரவர்த்திங்க வம்சத்தோட ஹோஹென்ஸ்டாவ்ஃபென் கோட்டைதான்னு நெறைய பேரு எடுத்துக்கிறாங்க, ஆனா அந்தக் கோட்டையைக் கட்டுனதே 1070 வாக்குலதான். கட்டாத கோட்டையில இருந்து கிளம்பி வர முடியாதுல்ல? ஸ்வாபியாவுல இருந்து வந்திருக்கலாம், அதை மறுக்க எனக்குக் காரணம் இல்ல, ஆனா ஆள் வந்து 240 வருஷம் கழிச்சு எழுதுன கதையில சக்கரவர்த்தி வீட்டுக் கோட்டை தெரியுதுன்னா, 13ஆம் நூற்றாண்டுல அந்தக் குலம் எவ்வளவு பெரிய இடத்துக்கு வந்துடுச்சுங்கறதைத்தான் அது சொல்லுது.

குலம்னு ஒட்டிக்கிட்டு இருந்ததுக்கும் காரணம் ரத்தப் பாசம் மட்டும் இல்ல, சொத்து. ஒரு கிளையில ஆண் வாரிசு இல்லாமப் போனா நிலம் அதே குலத்தோட அடுத்த கிளைக்குப் போகணும், அதனால யாரு எந்தக் கிளைன்னு எல்லாரும் கணக்கு வெச்சிருந்தாங்க. 1351ல லாயோஷ் ராஜா இதைச் சட்டமாவே ஆக்கிட்டார், 1848 வரைக்கும் அது செல்லுபடி ஆச்சு.

கிளைங்க ஏகப்பட்டது. கிஷ்வார்தா ஊரை வெச்சிருந்த வார்தாய் குடும்பம் இந்தக் குலம்தான், அதுல ஒருத்தர் கலோச்சா பேராயரா இருந்தவர். 1458ல இருந்து 1484 வரைக்கும் நாட்டோட பாலட்டின், அதாவது ராஜாவுக்கு அடுத்த பதவியில இருந்த மிஹாய் ஓர்சாக்கும் இந்தக் குலம்தான். வீடியோவுல இவங்க பேரு வந்துச்சா?

குலத்துல வில்லன் வேணும்னா மாயாத் கிளையில யோவாகிம் இருக்கான். அவங்க அப்பா இஷ்த்வான் ஸ்லவோனியாவுக்கு (இப்போ குரோஷியா பக்கம்) ஆளுநர், 1254ல இருந்து ஸ்டிரியாவையும் (இப்போ ஆஸ்திரியா பக்கம்) ராஜாவுக்காகப் பாத்துக்கிட்டவர். பையன் என்ன பண்ணான்னா 1272 கோடையில ராஜா அஞ்சாம் இஷ்த்வானோட மகன், பத்து வயசுகூட நிரம்பாத லாஸ்லோவைக் கடத்திட்டுப் போய் கொப்ரிவ்னிட்சா கோட்டையில அடைச்சுட்டான். ராஜா படையோட போனார், கோட்டையைப் பிடிக்க முடியல, உடம்பு முடியாமப் போய் ஆகஸ்ட் 6ஆம் தேதி செத்தே போனார். கடத்துனவனுக்கு தண்டனை கிடைக்கல, பையன் பட்டத்துக்கு வந்ததும் இவனே பெரிய பதவியில உக்காந்தான், பெருங்குலங்க ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்ட அந்தக் காலத்துல நாடே நாறிப்போச்சு. 1277ல பாபோனிச் குடும்பத்தோட நடந்த சண்டையில செத்தான்.

அடுத்த ரெண்டே வருஷத்துல, 1279ல, கடத்தப்பட்ட அதே லாஸ்லோ ராஜா, அதே குட்கெலெட் குலத்துல வேற கிளையைச் சேந்தவங்களுக்கு, போர்ல உழைச்சதுக்காக பாதோர் ஊரைக் குடுத்தார்! சின்ன வயசுல தன்னைத் தூக்கிட்டுப் போனவனோட குலம்னு தெரிஞ்சே குடுத்தார். ரத்தம் ரத்தம்னு பேசறவங்க இதுக்கு என்ன சொல்லுவாங்க? அந்த ஊரு 1310ல ப்ரிக்சியஸ்ங்கறவர் கைக்கு முழுசா வந்துச்சு, அவரோட சந்ததிதான் பாதோரி.

டிராகன் கதைக்கு வர்றேன். குலச் சின்னத்துல மூணு ஆப்பு வடிவம் இருக்கு. எச்செட் சதுப்பு நிலத்துல வீட்டுஸ்னு ஒரு முன்னோர் ஈட்டியால மூணு குத்து குத்தி டிராகனைக் கொன்னார், அதோட பல்லுதான் அந்த மூணுன்னு பாதோரிங்க சொல்லிக்கிட்டாங்க. கதை நல்லாதான் இருக்கு, ஆனா சின்னம் குலம் முழுசுக்கும் பொது, பாதோரி குடும்பத்துக்கு முன்னாடியே இருந்தது.

ப்ரிக்சியஸோட மகன்கள் லூக்காச், யானோஷ் ரெண்டு பேர்ல இருந்துதான் ரெண்டு பெரிய கிளை. லூக்காச் வழி எச்செட் கிளை, அவர் அங்க கட்டுன கோட்டைக்கு ‘விசுவாசம்’னு பேரு. யானோஷ் வழி ஷோம்யோ கிளை, அந்த ஊரு அவர் மகனுக்குக் கல்யாணத்துல வந்தது. எச்செட் கிளை இஷ்த்வான் 1479ல கெண்யேர்மெசோவுல துருக்கிப் படையை முறியடிச்சவர். ஷோம்யோ கிளையில இன்னொரு இஷ்த்வான் 1576ல போலந்துக்கே ராஜா ஆனார், வில்னியுஸ் பல்கலைக்கழகத்தை 1579ல தொடங்குனவர்.

எர்ஷெபெத்தோட அப்பா எச்செட், அம்மா ஷோம்யோ, அந்த போலந்து ராஜாவோட கூடப்பொறந்தவங்க. ‘சொந்தத்துக்குள்ள கல்யாணம்’னு சொல்றது இதைத்தான், ஆனா ரெண்டு கிளையும் பிரிஞ்சது 14ஆம் நூற்றாண்டுல, இவங்க பொறந்தது 1560ல! அவங்க வீட்டுல பொண்ணுங்க செத்தது பத்தி முன்னூறுக்கு மேல சாட்சி வாக்குமூலம் இருக்கு, அதை நான் லேசா எடுத்துக்கல. ரத்தத்துல குளிச்சாங்கங்கறது மட்டும் எந்தச் சாட்சியும் சொல்லாதது, அது அச்சுல வந்ததே 1729ல, அவங்க செத்து 115 வருஷம் கழிச்சு. செத்துப்போன அந்த ஏழைப் பொண்ணுங்களை விட்டுட்டு குளியல் தொட்டியைப் பத்தியே பேசறது அவங்களுக்குப் பண்ற ரெண்டாவது அநியாயம்.

வாரிசு கேட்டீங்க. எச்செட் கிளையோட ஆண் வழி 1605ல எர்ஷெபெத்தோட அண்ணனோட முடிஞ்சது, அவர் சொத்து ஷோம்யோ கிளை காபோருக்குப் போச்சு, அவரையும் 1613ல கொன்னுட்டாங்க. கடைசி பாதோரி ஜோஃபியா, செத்தது 1680ல. ஆண் வழி யாரும் இல்ல. பொண்ணு வழியில பாத்தா, ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்து 1703ல இருந்து எட்டு வருஷம் போர் நடத்துன ரெண்டாம் ராகோட்சி ஃபெரென்ட்ஸ் ஜோஃபியாவோட பேரன்.